கட்டைக் கணக்கும் வீதி வரியும்

ஊவா மாகாணத்தின் மலைநாட்டு ஊர்களில் தூரத்தை அறிய விரும்புவோர் “எத்தனை கட்டை?” என்று கேட்பது வழக்கம். மைல்கல்லைக் கட்டை என்பது இந்நாட்டுத் தமிழ் மக்களின் வழக்கு. ஆங்கிலேயர் ஆட்சியில் வீதியோரங்களில் மைலுக்கு ஒன்றாக நாட்டப்பட்ட கற்களின் இலக்கங்களே காலப்போக்கிற் பல இடங்களுக்குப் பெயராக நிலைத்துவிட்டன. கிலோமீற்றர் அளவை வந்து நெடுங்காலம் சென்ற பின்னரும், 13ஆம் கட்டை என்று சொன்னாற் பசறை மக்களுக்கு இடம் உடனே விளங்கும். கடந்த தூரத்தைக் கட்டை கொண்டு எண்ணும் இப்பழக்கம் மலைநாட்டாரின் நாவில் ஊறியது.

தூரத்தை எண்ணுவது வழிப்போக்கனுக்கு வேண்டியது. வரி வாங்கும் அரசுக்கும் அது வேண்டியதாகி வருகிறது. இன்று உலகின் பல நாடுகளில் வீதிப் போக்குவரத்தைப் பற்றி இரு வினாக்கள் எழுந்துள்ளன. வீதியில் ஓடும் வண்டிகள் யாவும் குறித்த காலத்துக்கு ஒருமுறை கட்டாயமாகப் பரிசோதிக்கப்படல் வேண்டுமா என்பது ஒன்று. வண்டியின் நிறையையும் அது குடிக்கும் எரிபொருளையும் பார்த்து அறவிட்டு வந்த வரியை, அது ஓடிய தூரத்தைப் பார்த்து அறவிடலாமா என்பது மற்றொன்று. கேட்போர்க்கு இவை புதுமையான வினாக்களாகத் தோன்றலாம். ஆயினும், வீதிக்கு யார் பணம் கொடுப்பது, எந்த அளவையாற் கொடுப்பது, கொடுத்தவனுக்கு நல்ல வீதி கிடைத்ததா என்னும் வழக்கு இந்நாட்டில் ஒன்றே முக்கால் நூற்றாண்டாக நடந்து வருவதாகும். அவ்வழக்கின் வரலாற்றை லுணுகலை வழியே செல்லும் வீதியைப் பின்பற்றிக் காண்பது பொருத்தமாகும்.

பேராதனையிற் புறப்பட்டு, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா ஆகிய ஊர்களைக் கடந்து, மட்டக்களப்புக்கு அண்மையிலுள்ள செங்கலடியிற் சென்று முடிவது அவ்வீதி. மத்திய மலைநாட்டையும் கீழைக்கரையையும் இணைப்பது அதுவே. சக்கரம் உருளும் வீதிகள் தோன்றுவதற்கு முன்னர் இம்மலைகளிற் பொருள்களைக் கொண்டு சென்றவை பொதிமாட்டுக் கூட்டங்கள். தவளம் என வழங்கிய அக்கூட்டங்கள் கரைநாட்டு உப்பை மேலே கொணர்ந்து, மலைநாட்டு விளைபொருள்களைக் கீழே கொண்டு சென்றன. தவளத்தின் பாதைக்கு வரி வேண்டியதில்லை. மாட்டின் குளம்பு தேய்த்த தடமே அதற்குப் பாதையாயிற்று.

ஆங்கிலேயர் இத்தடங்களை வீதிகளாக்க முற்பட்ட போது பதுளைப் பகுதியில் அப்பணியை முன்னின்று நடத்தியவர் மேஜர் தோமஸ் உவில்லியம் றொஜேர்ஸ். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்ற கொடும் புகழே அவருக்கு மிகுதி. ஆயினும் ஊவாவின் பழைய வீதிகள் பலவற்றுக்கு அடிகோலியவரும் அவரே. 1845ஆம் ஆண்டில் அப்புத்தளைக்கு அருகில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. இலங்கை முழுவதற்கும் வீதியமைத்த பெருமை மேஜர் தோமஸ் ஸ்கின்னரைச் சாரும். அவர் கீழ் நின்று காடு வெட்டிக் கல்லுடைத்த பயனியர் படையில் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினராய் இருந்தனர். வீதியமைத்த அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. கல்லுடைத்தவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

வீதி அமைக்கப் பணம் வேண்டும். 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நீக்கப்பட்டமையால், ஊதியமின்றி ஆள் பிடித்து வேலைவாங்கும் பழைய வழி அரசுக்கு அடைபட்டது. 1848ஆம் ஆண்டில் தேசாதிபதி டொரிங்ரன் பிரபுவின் ஆட்சியில் வீதிக் கட்டளைச்சட்டம் பிறந்தது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஆண்மகனும் ஆண்டுக்கு 6 நாள் வீதியில் வேலை செய்தல் வேண்டும். இயலாதவன் 3 ஷில்லிங் செலுத்துதல் வேண்டும் என்பது அதன் சாரம். வண்டியே இல்லாதவனும், அவ்வீதியில் ஒருநாளும் கால் வையாதவனும், வண்டி பல உடைய தோட்டத்துரை கொடுத்த அதே அளவைக் கொடுக்க வேண்டியதாயிற்று. வீதிகளால் மிகுந்த பயன் அடைந்ததோ கோப்பித் தோட்டங்கள். துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின் மீது விதிக்கப்பட்ட வரிகளோடு இதுவும் சேர்ந்து மக்களின் சினத்தை மூட்டிற்று. அவ்வாண்டு யூலை மாதத்தில் மாத்தளையிலும் குருணாகலிலும் கிளர்ச்சி மூண்டது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவருள் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். ஈற்றில் டொரிங்ரன் பிரபுவும் பதவி இழந்து நாடு திரும்ப நேர்ந்தது.

தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்து வந்த தொழிலாளர் இத்தலைவரியிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். அது கருணையினால் விளைந்த விலக்கன்று. 6 நாள் அவர்களை வீதிக்கு அனுப்பினால் 6 நாள் தோட்ட வேலை கெடும் என்பதே அதன் உட்பொருள். தலைவரியோ பிற்காலச் சட்டங்களிலும் தொடர்ந்தது. 1920களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்க வரி கொடுக்க மறுத்து, அதற்கு ஈடாக வீதியிற் கல்லுடைக்கும் வேலையை ஏற்றார். அவரும் அவர் தோழரும் நடத்திய இயக்கத்தின் பின்னரே அவ்வரி ஒழிந்தது. தலையை எண்ணி வீதி வரி வாங்குவது நீதியன்று என்பதை இந்நாடு இவ்வாறு முக்கால் நூற்றாண்டு காலம் செலவிட்டு உணர்ந்தது.

தலைவரியோடு வேறு இரு முறைகளும் நடைமுறையில் இருந்தன. ஒன்று சுங்கம். பாலத்திலும் துறையிலும் வீதியிலும் தடை மரம் இட்டு, கடந்து செல்லும் வண்டிக்கும் மாட்டுக்கும் இவ்வளவு என்று பணம் வாங்கினர். சுங்கம் வாங்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் வழக்கமும் இருந்தது. குத்தகைக்காரனுக்குத் தன் முதலைத் திரும்ப எடுப்பதிலேயே கண். வீதியிலுள்ள பள்ளத்தில் அவனுக்கு அக்கறை இல்லை. சென்னை மாகாணமும் இதே துன்பத்தை அனுபவித்தது. 1931ஆம் ஆண்டில் அங்கே மோட்டார் வண்டி வரிச் சட்டம் இயற்றப்பட்டு, உள்ளூர் மன்றங்கள் வாங்கிவந்த சுங்கங்கள் நீக்கப்பட்டன. அவற்றுக்கு ஈடாகப் புதிய வரியிலிருந்து அம்மன்றங்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது.

மற்றையது ஏக்கர்க் கணக்கு. பெருவீதியிலிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து செல்லும் கிளைவீதிகளுக்குச் செலவின் ஒரு பகுதியை அரசு ஏற்றது. மறு பகுதியை அவ்வீதியாற் பயனடையும் தோட்டங்கள் தத்தம் பரப்புக்கு ஏற்பப் பகிர்ந்துகொண்டன. பயன்பெறுபவன் கொடுத்தல் வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டு வீதிச் சட்டத்தில் தெளிவாக இடம்பெற்றது இங்கேயே. ஆயினும் பயனடைபவர் எனச் சட்டம் கருதியது தோட்ட உடைமையாளரை மாத்திரமே. அதே வீதியில் நடந்து சென்ற ஆயிரக்கணக்கான தொழிலாளரை அது கருதவில்லை. அதன் விளைவு பின்னாளிற் பெரிதாயிற்று.

1869ஆம் ஆண்டில் லுணுகலைக்கு அயலிலுள்ள மடுல்சீமையிலேதான் கோப்பி இலைநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1886ஆம் ஆண்டில் ஊவா தனி மாகாணமாயிற்று. புகையிரதம் 1894ஆம் ஆண்டிற் பண்டாரவளையை அடைந்தது. அங்கிருந்து பதுளைக்கு வர மேலும் 30 ஆண்டு எடுத்து, 1924ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. பதுளையே அதன் கடைசி நிலையம். பசறை, மடுல்சீமை, லுணுகலை ஆகிய பகுதிகளுக்குத் தண்டவாளம் வரவேயில்லை. ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களின் கொழுந்தும், தேயிலைப் பெட்டியும், அரிசி மூட்டையும், நோயாளியும், பிள்ளைத்தாய்ச்சியும் வீதியையே நம்பி நிற்கின்ற நிலை இதனால் ஏற்பட்டது. வேறு வழி உள்ளவனுக்கு வீதி ஒரு வசதி. வேறு வழி இல்லாதவனுக்கு அதுவே உயிர்நாடி. வரியைப் பற்றி ஆராயும்போது இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

இந்நிலையில் மோட்டார் வண்டி வந்தது. 1927ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிக் கட்டளைச்சட்டமும், அதன்பின் 1938ஆம் ஆண்டின் சட்டமும், சுதந்திரத்துக்குப் பின்னர் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக இயற்றப்பட்டன. வண்டியின் வகைக்கும் நிறைக்கும் ஏற்ப ஆண்டு வரி செலுத்தி வருமான உத்தரவுப் பத்திரம் பெறும் முறை நிலைத்தது. இதனோடு எரிபொருள் மீதான தீர்வையும் சேர்ந்தது. பெற்றோல் வரி என்பது ஒரு வகையில் தூர வரியே. அதிக தூரம் ஓடுபவன் அதிகம் எரிக்கிறான். அதிகம் எரிப்பவன் அதிகம் கொடுக்கிறான். பிரித்தானியாவில் லொயிட் ஜோர்ஜ் 1909ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் மோட்டார் வண்டிக்கும் பெற்றோலுக்கும் வரி விதித்து, அப்பணம் வீதிக்கே செல்லும் என்று உறுதி கூறினார். சில ஆண்டுகளுக்குள் வீதி நிதி குவிந்தது. 1926ஆம் ஆண்டளவில் நிதியமைச்சராயிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் அந்நிதியிலிருந்து எடுத்துப் பொதுச் செலவுக்குப் பயன்படுத்தினார். வீதிக்கென்று வாங்கிய பணம் வீதிக்குச் செல்லாமற் போகும் கதை அன்று தொடங்கியது. அது எந்த ஒரு நாட்டுக்கும் உரியதன்று.

வண்டிகள் வீதியைச் சமமாகத் தேய்ப்பதில்லை என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. 1958ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள ஒட்டாவா என்னும் ஊரருகே, வீதித் தளங்களைப் புதிதாக இட்டு, பாரவண்டிகளை இரவும் பகலும் ஓட்டிப் பரிசோதித்தனர். அச்சு ஒன்றின் மீது ஏறும் பாரம் இருமடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது அதிலிருந்து பெற்ற முடிவு. பாரம் 10 மடங்கானாற் சேதம் 10,000 மடங்கை நெருங்கும். ஆகவே மோட்டார்ச் சைக்கிளிற் செல்லும் தோட்ட இளைஞனும் முச்சக்கரவண்டிக்காரனும் வீதியைத் தேய்ப்பது மிகச் சிறிது. மணலும் கல்லும் ஏற்றிச் செல்லும் பெரிய லொறியே மலைவீதியை உண்மையில் உடைக்கிறது. தூரத்தை மட்டும் எண்ணி, பாரத்தை எண்ணாமல் விதிக்கும் வரி பழைய தலைவரியின் குற்றத்தையே வேறு வடிவிற் செய்வதாகும்.

வரியின் கதை இவ்வாறாக, பரிசோதனையின் கதை வேறு வழியில் வளர்ந்தது. 1942ஆம் ஆண்டின் சட்டம் ஒரு பாதைக்கு ஒரு கம்பனி என்ற முறையைக் கொண்டுவரும் வரை, பஸ் வண்டிகள் ஆள் பிடிக்கும் ஆவலில் ஒன்றையொன்று முந்தியோடின. அதன் பின்னரும் முறைப்பாடுகள் ஓயவில்லை. 1948ஆம் ஆண்டில் இரத்தினம் அறிக்கையும், 1954ஆம் ஆண்டிற் சன்சோனி அறிக்கையும், 1956ஆம் ஆண்டில் ஜயரத்ன பெரேரா அறிக்கையும் பஸ் சேவையின் குறைகளை ஆராய்ந்தன. 1958ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் தனியார் கம்பனிகளின் சேவைகள் யாவும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. 1970களின் இறுதியில் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. உடைமை மாறிய போதெல்லாம் பயணியின் கேள்வி ஒன்றே: இந்த வண்டி மலையிறக்கத்தில் நிற்குமா?

அக்கேள்விக்குச் சட்டம் தந்த விடை தகுதிச் சான்றிதழ். பஸ்ஸும் லொறியும் ஆண்டுதோறும் பரிசோதகரிடம் காட்டித் தகுதிச் சான்றிதழ் பெற்ற பின்னரே வருமான உத்தரவுப் பத்திரம் பெறலாம். தனியார் காருக்கும் மோட்டார்ச் சைக்கிளுக்கும் அக்கடமை இல்லை. 2008ஆம் ஆண்டிற் புகைப் பரிசோதனை தொடங்கிய பின் அவையும் ஆண்டுக்கு ஒருமுறை சோதனைச் சாலைக்குச் செல்கின்றன. ஆயினும் அங்கே அளக்கப்படுவது புகை, பிறேக்கு அன்று. காற்றுக்கு வரும் தீங்கை அறிய ஆண்டுதோறும் பார்க்கிறோம். உயிருக்கு வரும் தீங்கை அறிய எல்லா வண்டிகளையும் பார்ப்பதில்லை.

பிற நாடுகள் இதில் ஒரே வழியிற் செல்லவில்லை. பிரித்தானியா 1956ஆம் ஆண்டிற் சட்டம் செய்து, 1960ஆம் ஆண்டிற் பரிசோதனையைத் தொடங்கியது. முதலில் 10 ஆண்டு பழமையான வண்டிகளின் பிறேக்கு, விளக்கு, திசைதிருப்பி ஆகியவை மட்டும் பார்க்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அவ்வயதெல்லை 3 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தின் பின் பல மாநிலங்கள் பரிசோதனையை மேற்கொண்டன. பின்னர் அவற்றுட் பல அதனைக் கைவிட்டன. ரெக்சாஸ் மாநிலம் 2025ஆம் ஆண்டு சனவரி முதல் வணிக வண்டிகள் தவிர்ந்த ஏனையவற்றுக்குப் பாதுகாப்புப் பரிசோதனையை நீக்கிவிட்டது.

பரிசோதனை வேண்டாம் என்போர் கூறும் காரணங்கள் இலேசானவை அல்ல. விபத்துகளுட் பெரும்பாலானவை சாரதியின் தவறால் நேர்வன. இயந்திரக் கோளாறால் நேர்வன குறைவு என்கின்றனர். பரிசோதனைக் கட்டணம் ஏழையை வருத்தும். அன்று ஒருநாள் நல்ல டயர் பூட்டிக் காட்டிவிட்டு மறுநாள் பழைய டயர் பூட்டுவோர் உளர். சான்றிதழைப் பணம் கொடுத்து வாங்கவும் கூடும் என்பன அவர்தம் வாதங்கள். முச்சக்கரவண்டி ஒன்றினால் ஒரு குடும்பம் பிழைக்கும் நாட்டில் இவற்றைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் சமதரையின் கணக்கு மலைக்குப் பொருந்தாது. நீண்ட இறக்கத்திற் சாரதி பிறேக்கை மிதித்தபடியே வந்தால் அதன் உறையும் பட்டையும் சூடேறும். சூடேறிய பட்டை பற்றுதலை இழக்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நில்லாது. தேர்ந்த சாரதி தாழ்ந்த கியரில் இட்டு, இயந்திரமே வண்டியைப் பிடிக்குமாறு இறக்குவான். பட்டை தேய்ந்திருந்தாலோ, காற்றுப் பிறேக்கின் குழாயிற் கசிவிருந்தாலோ, அவன் தேர்ச்சியும் ஓரளவுக்கு மேல் உதவாது. கொழும்பு வீதியில் இதே குறையோடு ஓடும் வண்டி முன்னே நிற்கும் காரில் மோதி நிற்கலாம். பசறை வீதியில் அதன் முன்னே இருப்பது பள்ளத்தாக்கு. இதன்மேல் 2020ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் நாட்டிலுள்ள வண்டிகள் முதுமையடைந்தன. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் உதிரிப் பாகங்களின் விலையும் கைக்கெட்டாத உயரத்துக்குச் சென்றது. ஆகவே மலை மாகாணங்களிற் பிறேக்கையும் திசைதிருப்பியையும் டயரையும் பரிசோதிக்கும் கடமையைத் தளர்த்துவதற்கு நியாயம் காண்பது அரிது.

இவ்வளவில் முடிந்திருந்தால் இவ்வழக்கிற் பரிசோதனைக் கட்சியே வென்றதாகும். லுணுகலை மக்கள் கண்ட துயரம் அதற்கு அப்பாலும் ஒரு கேள்வியை எழுப்பிற்று. 2021ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாட் காலை லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற தனியார் பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டைக்கு அருகிற் பள்ளத்தில் வீழ்ந்தது. 14 பேர் அன்றே உயிரிழந்தனர். 30க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். சாரதி எவ்வாறு ஓட்டினார் என்று கேட்டனர். வண்டி எந்நிலையில் இருந்தது என்று கேட்டனர். மலையிலிருந்து சரிந்து வந்த பாறை ஒன்று அவ்விடத்தில் வீதியை ஒடுக்கியிருந்தது என்ற செய்தி வந்ததும் மூன்றாவது கேள்வி பிறந்தது. அப்பாறையை அகற்றாமல் விட்டவர் யார்?

விபத்துக்கு மூன்று கால்கள் உண்டு: சாரதி, வண்டி, வீதி. சாரதிக்குச் சட்டம் அனுமதிப் பத்திரம் கேட்கிறது. வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கிறது. வீதியிடம் எதையும் கேட்பதில்லை. ஓரத்திற் பாதுகாப்புக் கம்பி உண்டா, வளைவிற் கண்ணாடி உண்டா, சரிந்த பாறை அகற்றப்பட்டதா, வடிகால் அடைபட்டு ஓரம் அரிக்கப்பட்டுள்ளதா என்பவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து, “இவ்வீதி பஸ் ஓடத் தகுந்தது” என்று கையொப்பமிடுபவர் எவருமிலர். 2025ஆம் ஆண்டு மே மாதம் கொத்மலைப் பகுதியில் கெரண்டி எல்லைக்கு அருகே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள் இரவு எல்ல - வெல்லவாய வீதியில் நிகழ்ந்த விபத்தில் 15 பேர் மாண்டனர். அவற்றின் பின் வண்டிப் பரிசோதனையைப் பற்றியும் ஆசனப் பட்டியைப் பற்றியும் பேச்சு ஓங்கியது. அவை வேண்டியவையே. வீதியின் தகுதியைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு ஓங்கவில்லை.

இனித் தூர வரியை நோக்குவோம். மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் பெருகுவதால் எரிபொருள் தீர்வை குறைந்து வருவதே இவ்வரியைப் பற்றிய எண்ணத்துக்கு முதற் காரணம். அமெரிக்காவில் 1919ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பெற்றோல் வரி விதித்த ஒறிகன் மாநிலமே, 2015ஆம் ஆண்டில் மைலுக்கு ஒன்றரைச் சதம் என்ற தூர வரியை விரும்பிச் சேர்ந்தவர்களிடம் அறவிடத் தொடங்கியது. அவர்கள் கட்டிய பெற்றோல் வரி அவர்களுக்குக் கழிக்கப்பட்டது. நியூசீலாந்து 1970களின் இறுதி முதல் டீசல் வண்டிகளுக்கு 1,000 கிலோமீற்றர் அலகாக வரி விற்று வருகிறது. பாரவண்டிகளுக்கு அங்கே நிறையும் அச்சும் கணக்கிடப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களும் அதனுட் சேர்க்கப்பட்டன. இலங்கையிலும் தூரத்துக்கு ஏற்பப் பணம் செலுத்தும் முறை முற்றும் புதியதன்று. 2011ஆம் ஆண்டில் தென் அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்ட நாள் முதல் அங்கே ஏறும் இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கொண்டே கட்டணம் வாங்கப்படுகிறது. ஆயினும் அங்கே பணம் கொடுக்க விரும்பாதவனுக்குப் பழைய காலி வீதி உண்டு. லுணுகலையானுக்கு மாற்று வீதி எது?

தூர வரியின் நியாயம் இதுவே: பயன்படுத்தும் அளவுக்குக் கொடு. அதன் அநியாயமும் அதனுள்ளேயே இருக்கிறது. நகரத்தவனுக்கு மருத்துவமனையும் கல்லூரியும் கச்சேரியும் அருகில் உள்ளன. லுணுகலைப் பகுதியிலுள்ள நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் பதுளை செல்ல வேண்டும். மாணவன் உயர்கல்விக்குச் செல்ல வேண்டும். வேலை தேடும் இளைஞன் கொழும்புக்கே செல்ல வேண்டும். அவர்கள் அதிக தூரம் செல்வது விருப்பத்தினால் அன்று, அருகில் இல்லாமையினால். கட்டை எண்ணி வரி வாங்கினால், வசதியிலிருந்து தொலைவில் வாழ்பவன் அத்தொலைவுக்காகவே வரி கொடுப்பவனாவான். அவன் சொந்த வண்டி இல்லாதவனாயினும் தப்ப முடியாது. பஸ்ஸுக்கு விழும் வரி பஸ் கட்டணமாக அவன் மடியிலேதான் வந்து விழும்.

கொடுத்ததற்கு ஈடாக அவன் பெற்றது யாது என்ற கேள்வி இங்கே மிகக் கூர்மையாகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவர் ஆக்கப்பட்டனர். வாக்கு இல்லாத அக்காலத்திலும் அவர்கள் பஸ் கட்டணத்தினூடாகவும் அரிசி ஏற்றி வந்த லொறியின் வாடகையினூடாகவும் வீதிக்குப் பணம் கொடுத்தே வந்தனர். குடியுரிமை மீண்ட பின்னரும் மற்றொரு தடை நின்றது. தோட்டத்து வீதிகள் தோட்டத்தின் உடைமை என்ற பழைய எண்ணம் சட்டத்திலும் தொடர்ந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டப் பகுதிகளிற் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட்டு வீதி திருத்த இயலாதிருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபையே அவர்கள் லயத்துக்குச் செல்லும் பாதையிற் கல் ஒன்று போட முடியாத நிலை 30 ஆண்டு நீடித்தது. 2018ஆம் ஆண்டிலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. கிளைவீதிச் சட்டம் தோட்ட உடைமையாளரை மட்டும் பயன்பெறுபவர் எனக் கொண்ட பிழை திருந்த இத்துணைக் காலம் சென்றது. சட்டம் திருந்தினாலும் பாதைகள் திருந்தப் பணம் வேண்டும். அப்பணம் எங்கிருந்து வரும் என்பதும் வீதி வரியைப் பற்றிய வாதத்தின் ஒரு பகுதியே.

மாகாண சபைகள் தோன்றிய பின்னர் வருமான உத்தரவுப் பத்திரத்தின் பணம் மாகாணத்துக்கே உரியதாயிற்று. ஊவாவில் வண்டி வைத்திருப்பவர் பதுளையிற் கட்டும் பணம் ஊவாவின் கையில் இருக்கிறது. ஆயின் வண்டிகள் நிறைந்த மேல் மாகாணத்துக்கு வரும் தொகை பெரிது. வண்டி குறைந்த ஊவாவுக்கு வருவது சிறிது. மலைவீதிக்கோ செலவு மிகுதி. ஒவ்வொரு மழைக்கும் ஓரம் சரியும். ஒவ்வொரு சரிவுக்கும் அணைசுவர் வேண்டும். எனவே எந்த அளவையால் வரி வாங்கினாலும், வாங்கிய பணம் வீதியின் தேவையைப் பார்த்துப் பகிரப்படாவிடின் நீதி கிட்டாது.

வரலாறு கற்பிப்பதை இவ்வாறு தொகுத்துரைக்கலாம். தலையை எண்ணி வாங்கிய வரி கிளர்ச்சியைத் தந்தது. வாயிலில் நின்று வாங்கிய சுங்கம் குத்தகைக்காரனைக் கொழுக்கச் செய்தது. ஏக்கரை எண்ணிய வரி உடைமையாளரை மட்டும் கண்டது. எரிபொருளை அளந்த வரி இவற்றுள் ஓரளவு நியாயமானதாயினும், வீதிக்குரிய பணம் வேறு வழிகளிற் செல்வதற்கு இடந்தந்தது. இனிக் கட்டையை எண்ணும் வரி வருமாயின், அது பாரத்தையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். பொதுமக்கள் செல்லும் பஸ்ஸுக்கு இரங்குதல் வேண்டும். மாற்று வழியற்ற மலைநாட்டானுக்குத் தள்ளுபடி தருதல் வேண்டும்.

பரிசோதனையும் அவ்வாறே. வண்டியைக் கொண்டுவந்து காட்டு என்று குடிமகனுக்குக் கட்டளையிடும் அரசு, தன் வீதியைக் குடிமகனுக்குக் காட்டும் கடமை உடையது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மலைவீதிகளைக் கட்டை கட்டையாகப் பரிசோதித்து, எந்தக் கட்டையில் எக்குறை கண்டது, எந்நாளில் அது நீக்கப்பட்டது என்பதைப் பிரதேச செயலகத்திலும் பஸ் நிலையத்திலும் மும்மொழியிலும் எழுதி ஒட்டுவது பெருஞ்செலவு தரும் காரியமன்று. அவ்வாறு எழுதப்பட்டால், வீதியிற் கிடக்கும் பாறை ஒன்றுக்கும் பொறுப்பாளி ஒருவர் இருப்பார். சாரதி, வண்டி, வீதி என்னும் மூன்றும் ஒரே தராசில் நிறுக்கப்படும்போதுதான், வரி கொடுத்துப் பயணச்சீட்டு வாங்கி விடியற்காலையில் லுணுகலையிற் பஸ் ஏறும் பயணிக்கு அரசு தன் கடனைத் தீர்த்ததாகும்.